தப்பில்லாமல் வாசித்த நாள்

என் மகள் இப்போது ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். தைத்த ஜாக்கெட்டுகளைச் சுற்றிக் கொடுக்க நான் வாங்கி வைத்திருக்கும் பழைய வார இதழ்களை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவாள். பாதியில் தொடங்கிப் பாதியில் நிற்கும் தொடர்கதைகளை வாசித்துவிட்டு, மீதியைத் தானே இட்டுக்கட்டி எனக்குச் சொல்வாள். மெதுவாகத்தான் வாசிப்பாள். நீளமான சொல் வந்தால் இன்னமும் அதன் மேல் விரல் வைப்பாள். ஆனால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஓட மாட்டாள்.

இதனால் காரைக்குடியில் எங்கள் தெருப் பக்கம் நான் பெரிய மனுஷி ஆகிவிட்டேன். பிள்ளைக்கு எழுத்துக் கூட்ட வரவில்லை என்று தவிக்கிற தாய்மார்கள், துணி தைக்கக் கொடுக்கிற சாக்கில் வந்து உட்காருகிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அடிக்காதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள், தினமும் கொஞ்ச நேரம் போதும், அந்தக் கொஞ்ச நேரமாவது போனைத் தூர வையுங்கள் என்கிறேன். போன மாதம் ஒரு பெண், உங்கள் பிள்ளை தானாக வாசித்தது எப்போது என்று கேட்டாள். நாலாம் வகுப்பில் என்று சொல்லிவிட்டு, காப்பி போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். அடுப்பைப் பற்றவைக்கவே வெகுநேரம் ஆனது.

எங்களுடையது ஆசாரிக் குடும்பம். நான் பிறந்தது சிங்கம்புணரியில். அங்கே மரவேலை, வாக்கப்பட்ட வீட்டில் பொன்வேலை. என் கணவர் பட்டறையில் உட்காரவில்லை, நகைக்கடையில் சேல்ஸ்மேனாக நிற்கிறார். எங்களுக்கு ஒரே பிள்ளை. பேச ஆரம்பித்ததிலிருந்து வாய் ஓயாத பிள்ளை. எந்த அத்தைக்கு எந்தச் சித்தப்பா என்ன முறை என்று எனக்கே எடுத்துச் சொல்வாள். கேட்ட கதையை அப்படியே ஒப்பிப்பாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வேறு பிள்ளையாகிவிடுவாள். ஒரே சொல்லை மேல் வரியில் ஒரு மாதிரியும் கீழ் வரியில் வேறு மாதிரியும் வாசிப்பாள். இப்போதுதானே சொன்னாய் என்றால், முகம் செத்துப்போய் என்னைப் பார்ப்பாள்.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பள்ளியில் சோம்பேறி என்றார்கள். என் நாத்தனார் செல்லம் என்றார். கணவர் கண் டாக்டரிடம் கூட்டிப்போய், கண்ணில் ஒன்றுமில்லை என்று கேட்டு வந்து, அதற்கும் கோபப்பட்டார். ஞாபக சக்திக்கென்று ஒரு டானிக்கை யாரோ சொல்லக் கேட்டு வாங்கிவந்தார். பிள்ளைக்கு ஞாபகத்துக்கா குறைச்சல்? அந்த டானிக் விளம்பரத்தையே அவள் பாட்டோடு சொல்லிக் காட்டினாள்.

மூன்றாம் வகுப்பில்தான் விஷயம் தெரிந்தது. வாரம் ஒருநாள் பள்ளிக்கு வரும் சிறப்பு ஆசிரியை அவளைத் தனியே உட்காரவைத்துப் பார்த்துவிட்டு என்னை வரச்சொன்னார். பிள்ளைக்கு அறிவு நிறையவே இருக்கிறது, எழுத்தை ஒலியோடு சேர்க்கிற வேலைதான் அவள் மூளையில் மற்றவர்களுக்குப் போலச் சுலபமாக நடக்கவில்லை, வேறு வழியில் நிதானமாகக் கற்றுக்கொடுத்தால் வரும் என்று விளக்கினார். குறை என்று ஒருவர் சொல்லிக் கேட்டு எனக்கு நிம்மதி வந்தது அன்றைக்குத்தான். பள்ளி வாசலிலேயே நின்று அழுதேன்.

அவர் சொன்னபடியே செய்தோம். முதலில் காது, பிறகு விரல், அதற்குப் பிறகுதான் கண். ஒரு சொல்லைச் சொல்லி, அதில் எத்தனை ஒலி என்று கைதட்ட வைத்தேன். பள்ளியில் சேர்க்கும்போது விஜயதசமியன்று அரிசியில் எழுதிய பிள்ளை, மறுபடியும் தாம்பாளத்து அரிசியில் விரலால் எழுதினாள். ‘கொ’ என்ற எழுத்தோடு அவளுக்குத் தீராத சண்டை. எழுத்துக்கு முன்னாடி நிற்கிற கொம்பை ஏன் பின்னாடி சொல்ல வேண்டும் என்று கேட்பாள். யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டதில் என்ன தப்பு?

என் தம்பி அப்போது காரைக்குடியில்தான் வேலை பார்த்தான். புது வீடுகளுக்குச் சமையலறை அலமாரி செய்கிற வேலை. கூட வேலை செய்பவர்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தான். ராத்திரிச் சாப்பாடு மட்டும் எங்கள் வீட்டில். சிறப்பு ஆசிரியை சொன்னதை நான் கணவரிடம் விவரித்துக்கொண்டிருந்தபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டான்.

“அக்கா, எனக்கும் அப்படித்தான். ஒரு வரி பூராம் ஒரே கட்டையாக் கெடக்கும். எங்க பிரிக்கிறதுன்னு தெரியாது. சொன்னா யாரு நம்புனீக?”

யாரும் நம்பவில்லை. எட்டாம் வகுப்பில் பெயிலாகி வந்தவனைப் படிப்பு ஏறாதவன் என்று அப்பா வேலைக்குக் கூட்டிப்போய்விட்டார். அவனுடைய ஆசையெல்லாம் சிங்கப்பூர் போவது. எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒருவராவது அங்கே இருக்கிறார்கள். வேலைக்கு எடுப்பதற்கு முன் வைக்கிற பரீட்சையில், கையில் உளியைக் கொடுத்தால் பயமில்லை, தாளைக் கொடுத்தால்தான் பயம் என்பான். மறுநாளிலிருந்து அவனும் அரிசித் தாம்பாளத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான்.

மீசை வைத்த ஆளும் ரெட்டைச் சடை போட்ட பிள்ளையுமாக ஆளுக்கொரு வரி வாசிப்பார்கள். அவன் ஒரு சொல்லின் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை அடித்துவிடுவான். “மாமா, ஊகிக்காத, எழுத்தப் பாரு” என்று அவள் அதட்டுவாள். நான் அவளிடம் சொன்ன அதே சொற்கள், அதே குரல். வேலையிடத்தில் அலமாரிக்கு மேல் ஒட்டி மிஞ்சிய மைக்கா துண்டில் ஒரு சொல் அளவுக்கு ஓட்டை வெட்டிக் கொண்டுவந்தான். அதைப் பக்கத்தின் மேல் வைத்தால் ஒரு சமயத்தில் ஒரு சொல்தான் தெரியும், மற்றதெல்லாம் மறைந்துவிடும். சிறப்பு ஆசிரியை அட்டையில் செய்யச் சொன்னதை அவன் மைக்காவில் செய்திருந்தான். அதற்கும் இருவருக்கும் அடிதடி. பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் ஆட்கள் சிரித்தது அந்த மாதங்களில்தான். என் தம்பி எவ்வளவு நல்லவன் என்பதும் அப்போதுதான் எனக்கு முழுசாகத் தெரிந்தது.

பங்குனி வெயிலில் அவளுக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை கட்டினோம். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, சத்தமாகச் சண்டை போடக் கூடாது. சாவு வீட்டுக்குப் போய்வந்தவர்கள் உள்ளே வரக் கூடாது. சாவைப் பற்றிப் பேசவோ அழவோ கூடவே கூடாது. ஆத்தா வந்து இறங்கியிருக்கிறாள், அவள் மனம் குளிர்ந்து போகிறவரை வீடு அமைதியாக இருக்க வேண்டும். இதையெல்லாம் நம்புகிறாயா என்று என்னை யாரும் கேட்டதில்லை. பிள்ளை காய்ச்சலில் அனத்தும்போது நம்பாமல் இருந்து பார்க்கிற தைரியம் எந்தத் தாய்க்கு உண்டு?

தம்பி சாயங்காலம் வந்து, வாசலுக்கு வெளியே பைக்கில் உட்கார்ந்துகொண்டே கதைப் புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பான். உள்ளே வேப்பிலைப் படுக்கையிலிருந்து அவள் திருத்துவாள். ஒருநாள் அவன் வரவில்லை. வேலை முடிய நேரமாகியிருக்கும் என்று அவளிடம் சொன்னேன்.

கணவருக்குத்தான் போன் வந்தது. என்னைப் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லருகே கூப்பிட்டார். புதுவயல் ரோட்டில் நெல் லாரி, பைக், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. அவ்வளவுதான் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வருவதற்கு முன் அவர் உள்ளங்கையால் என் வாயைப் பொத்திவிட்டார். உள்ளே பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது என்று காதருகே சொன்னார். நான் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு கல்லின் மேல் உட்கார்ந்தேன்.

அவர் கிளம்பும்போது நானும் வருகிறேன் என்றேன். சாவு வீட்டுக்குப் போனால், அம்மை இறங்கிப் பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரை நான் திரும்பி வர முடியாது. அதுவரை பிள்ளையை யார் பார்ப்பது? அப்போது சிங்கம்புணரியிலிருந்து என் அம்மாவே பேசினாள். பின்னால் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. அம்மாவின் குரல் மட்டும் ஈரமில்லாமல் இருந்தது.

“நீ வராத தாயி. சாவு வீட்டுல கால் வச்சுட்டு அம்மை கண்ட பிள்ளைகிட்டப் போகக் கூடாது. ஒருத்தனக் குடுத்துட்டேன். அவளையும் குடுக்க முடியாது. அங்குட்டே இரு.”

இருந்தேன். சிங்கம்புணரியில் என் தம்பியைத் தூக்கிக்கொண்டு போன நேரத்தில் நான் பிள்ளைக்குக் கூழ் ஆற்றிக்கொண்டிருந்தேன். அவள் மாமா எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சிங்கப்பூருக்கு டிக்கெட் வந்துவிட்டது, சொல்லிக்கொள்ள நேரமில்லாமல் போய்விட்டான் என்றேன். அந்த வீட்டில் அன்றைக்கு அதைத் தவிர வேறு எதுவும் என் வாயில் வந்திருக்காது. கோபித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கொஞ்சம் கழித்து, “அங்க போய் எனக்கு முன்னாடி வாசிக்கப் படிச்சிரும் பாரு” என்றாள்.

அம்மை இறங்கட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இறங்கியது. தண்ணீர் ஊற்றினோம். உடம்பு தேறட்டும் என்றார்கள். தேறி, முதன்முதலாக வெளியே கூட்டிப்போன அன்று, மரக்கடைச் சுவரில் தம்பியின் நண்பர்கள் ஒட்டிய போஸ்டரைப் பார்த்துவிட்டாள். எங்கள் ஊரில் இந்தப் போஸ்டர்களுக்கு நல்லது கெட்டது என்ற பேதமே கிடையாது. கல்யாணமோ காதுகுத்தோ சாவோ, அதே கூலிங்கிளாஸ் படம், கீழே வரிசையாக நண்பர்களின் தலைகள். அவள் சுவரருகே ஓடிப்போய் மாமாவின் படத்தைத் தொட்டாள். என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். மாமா சிங்கப்பூர் போனதற்கு வாழ்த்துப் போட்டிருக்கிறார்கள் என்று கணவர் சொன்னார். யோசிக்கக்கூட இல்லை. அவள் நம்பினாள். மறுநாள் பள்ளியில் எல்லோரிடமும் பெருமையடித்தாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள், பிள்ளைக்குத் தெரிந்துவிடாதா என்று தணிந்த குரலில் விசாரித்தார்கள். அவளுக்குத்தான் வாசிக்கத் தெரியாதே என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தக் குறைக்காக அவளைச் சோம்பேறி என்றும் செல்லம் என்றும் கரித்துக்கொட்டினார்களோ, அதே குறை இப்போது எல்லோருக்கும் வசதியாகிவிட்டது. என் பிள்ளையின் இயலாமையில் எங்கள் பொய் குடியிருந்தது.

பள்ளிக்குப் போகிற வழியை மாற்றினேன். ஒரு மழை வந்து அந்தப் போஸ்டரைக் கிழித்தது. சிங்கம்புணரிக்கு நான் மட்டும் போய்வந்தேன். அங்கே தெருமுனையில் வைத்திருந்த பேனரையும் எடுத்துவிடும்படி அவன் நண்பர்களிடம் கேட்டேன். பாவம், மறுபேச்சுப் பேசாமல் எடுத்தார்கள்.

வீட்டில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. அவள் வாசிக்கத் தொடங்கினாள். யாரும் கூப்பிடாமலே சாயங்காலம் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். மாமா அங்கே தினமும் படித்துக்கொண்டிருக்கும், தான் பின்தங்கிவிடக் கூடாது என்பதுதான் அவள் கணக்கு. தடுக்கி விழுந்த சொல்லை விடாமல் மறுபடி மறுபடி பிடித்தாள். நீளமான சொல்லின் பின்பாதியை விரலால் மறைத்து, முன்பாதியை வாசித்து, பிறகு விரலை நகர்த்தினாள். மைக்கா துண்டு தேவைப்படாமல் போனது. ஒரு பத்தி முழுதாக வந்தால் என் போனில் பதிவு செய்து மாமாவுக்கு அனுப்பச் சொல்வாள். அனுப்பினேன். ஒவ்வொன்றும் ஒத்தை டிக்கோடு நின்றது. வேலை நடக்கிற தீவில் சிக்னல் இல்லை என்று சொல்லிவைத்தேன்.

சிறப்பு ஆசிரியைக்கு ஒரே ஆச்சரியம். வீட்டில் என்ன மாயம் செய்தீர்கள் என்று கேட்டார். நான் சொன்னதைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சீக்கிரம் சொல்லிவிடுங்கள், வேறு யார் மூலமும் தெரியக் கூடாது என்றார். அன்றைக்கே கணவரிடம் பேசினேன்.

“இப்பச் சொன்னா வாசிப்ப விட்டுருவா. எத்தன வருசம் பட்ட பாடு. கொஞ்சம் பொறு” என்றார்.

“வாசிக்க வந்துட்டா அவளே தெரிஞ்சுக்குவா. அப்ப என்ன சொல்வீக?”

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. மச்சானுக்காக அவரும் கடையில் நகைப்பெட்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டு அழுதவர்தான். ஆனால் என் நிலைமை யாருக்கும் வரக் கூடாது. தினமும் சாயங்காலம் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் ஒரு சொல்லைச் சரியாக வாசித்தால் சந்தோஷப்படுவேன். அதே மூச்சில், இன்னும் கொஞ்ச நாள்தான் என்று நாளை எண்ணுவேன்.

காலாண்டு விடுமுறையில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சிங்கம்புணரிக்குக் கூட்டிப்போய், தம்பி வளர்ந்த வீட்டில் வைத்து, மடியில் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். கணவரும் சரி என்றார். பஸ் ஏறியதிலிருந்து வார்த்தைகளைத் தேடிக்கொண்டே வந்தேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியிலிருந்த கடைப் பலகைகளையெல்லாம் வாசித்துக்கொண்டு வந்தாள். டயர் கடை, பரோட்டா கடை, பல் ஆஸ்பத்திரி. திருப்பத்தூர் தாண்டியும் நிறுத்தவில்லை. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, பிள்ளை நல்லா வாசிக்குது என்றார். வேறொரு நாளாக இருந்தால் அவருக்கு நான் கோயில் கட்டியிருப்பேன்.

சிங்கம்புணரிக்குள் நுழைந்ததும், சந்தைக்கு வந்த லோடு வண்டி வழியை மறிக்க, பஸ் நின்றது. நான் குனிந்து காலடியில் இருந்த பையை எடுத்துக்கொண்டிருந்தேன்.

“அம்மா, மாமா பாரு. இங்குட்டும் மாமாவுக்குப் போட்டிருக்காக.”

நிமிர்ந்தேன். ரோட்டோரம் இரண்டு சவுக்குக் கம்புகளுக்கு நடுவே வெயிலில் வெளுத்த பேனர் ஒன்று. நண்பர்கள் வைத்ததைத்தான் நான் எடுக்கச் சொல்லியிருந்தேன். உள்ளூர் மரவேலைக்காரர்கள் தனியாக ஒன்று வைத்தது எனக்குத் தெரியாது. அப்போது காரில் வந்து, தெருவுக்குள் போகிற குறுக்குவழியில் போய்வந்த என் கண்ணில் அது படவே இல்லை.

“நீ சொல்லாத. நானே வாசிச்சு மாமாவுக்கு அனுப்பப்போறேன்” என்றாள்.

வாசி, வாசி என்று வருஷக்கணக்காகக் கெஞ்சிய வாய் இது. நிறுத்து என்று சொல்ல அதற்கு வரவில்லை. முகத்தைத் திருப்பி என் மார்போடு அணைத்திருக்கலாம், கை எழவில்லை. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கும்படி தொடங்கினாள்.

“சா... லை. சாலை. வி... பத்... தில். விபத்தில்.” அடுத்த சொல் புரியவில்லை, எழுத்தை மட்டும் சொல்லித் தாண்டினாள். அதற்கடுத்தது நீளமான சொல். காற்றில் விரலை நீட்டிப் பின்பாதியை மறைத்துக்கொண்டாள். “மர... ணம். மரணம்... அடைந்த. மரணமடைந்த.” பிறகு மாமாவின் பெயர், அதில் தடங்கலே இல்லை. “அவர்... களுக்கு. கண்... ணீர்...”

அவளுக்கு எப்போதும் ஒலி முதலில் வரும், பொருள் பின்னால்தான் வரும். பின்னால் வந்ததை நான் அவள் முகத்தில் பார்த்தேன். முன் சீட்டுக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுச் சட்டென்று முன்னால் திரும்பிக்கொண்டார்.

அவள் அழவில்லை. மறுபடியும் முதல் சொல்லிலிருந்து தொடங்கினாள். இந்தத் தடவை சத்தமில்லாமல், உதடு மட்டும் அசைய, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து. ஒரே வரியை இரண்டு தடவை வாசித்தால் இரண்டு விதமாக வருகிற பிள்ளை. அன்றைக்கும் அப்படி வராதா என்று அவள் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். வரி மாறவில்லை. அவள் விரல் கடைசி எழுத்தில் நின்றது. பிறகு என் பக்கம் திரும்பி, வகுப்பில் ஏச்சு வாங்கிய நாட்களில் பார்ப்பாளே, அதே முகத்தோடு கேட்டாள்.

“நான் தப்பாத்தானம்மா வாசிச்சேன்?”

லோடு வண்டி நகர்ந்து பஸ் கிளம்பியது. அவள் கையை எடுத்து என் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டேன்.

“இல்ல தாயி. நீ சரியாத்தான் வாசிச்ச.”